விருந்தாளி முறைமைக்கு வாசல் திறக்கும் நேரம்: கணினி கண்விழிக்கும்போது நடப்பது என்ன?

நயினாதீவில் பிறந்து யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எல்லோரோடும் சேர்ந்து புத்தளம் போனவர். அங்கே இருந்த காலத்தில் அவர் ஒரு வேலை தொடங்கினார். தீவுப்பகுதியிலும் பட்டணத்திலும் இருந்த சொந்தக்காரர், அயலவர் குடும்பங்களை வீடு வீடாக நினைவுபடுத்தி எழுதினார். யார் வாப்பா, யார் உம்மா, எந்த ஒழுங்கை, எந்த வருடம் நிக்காஹ், யார் எங்கே மௌத்தானார், எங்கே அடக்கம் என்று கொப்பி கொப்பியாக எழுதினார். பிறகு ஓர் இளைஞர் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். அதற்கென்று ஒரு சின்ன மென்பொருளையும் அவரே எழுதினார். கொப்பிகள் வெள்ளத்தில் போய்விட்டன. மிஞ்சியது ஒரு சீடி.

அந்தச் சீடி என்னிடம் வந்ததற்குக் காரணம் நான் கணினி படித்தவன் என்பதல்ல. "மாஸ்டர் தமிழ் படிச்சவர், பாமினி எழுத்தெல்லாம் வாசிப்பார்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாமினி பிரச்சினையே இல்லை. அந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும் என்பதுதான் பிரச்சினை. தரவுக் கோப்பை வேறு எதனாலும் திறக்க முடியவில்லை. எக்ஸ்பி ஓடுகிற பழைய கணினிக்கு எங்கே போவது?

தொலைபேசியில் என் பழைய மாணவர் ஒருவர் வழி சொன்னார். "சேர், பழைய கணினி தேவையில்லை. உங்கட புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உருவாக்கலாம்." அவர் சொன்ன வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, எக்ஸ்பியை அதற்குள் ஏற்றப் போனால், விடி-எக்ஸ் என்ற வசதி பயோஸில் முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்தி வந்து நின்றது. அதன் பொருளைத் தேடிப் போனதில் நான் அறிந்துகொண்டதே இந்தக் கட்டுரை. நம் சமூகத்தின் ஆவணங்கள் இப்படிப் பழைய தட்டுகளில் எத்தனையோ வீடுகளில் கிடப்பதால், இது எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

கணினிக்குள் கணினி

பாடநூல்களில் பணிசெயல் முறைமை என்று படிப்பிக்கிறோமே, அந்த விண்டோஸ், லினக்ஸ் முதலியவை கணினி முழுவதும் தமக்கே சொந்தம் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. நினைவகம், வட்டு, திரை எல்லாவற்றையும் நேரடியாக ஆள்வதுதான் அவற்றின் வேலை. சாதாரண மென்பொருளுக்குச் செயலி அனுமதிக்காத கட்டளைகளை முறைமைக்கு மட்டும் அனுமதிக்கும். இப்படி இரண்டு முறைமைகளை ஒரே செயலியில் வைத்தால், ஒரு வீட்டுக்கு இரண்டு தலைவர் வந்த கதைதான்.

அதற்காகக் கண்ட வழியின் பெயர் மெய்நிகராக்கம். ஒரு முறைமை வீட்டுக்காரராக இருக்கும். மற்றது விருந்தாளியாக உள்ளே வரும். ஆனால் தான் விருந்தாளி என்பது அதற்குத் தெரியாது. அது ஏதாவது அதிகாரக் கட்டளையைக் கொடுத்தால், செயலி அதை அந்த இடத்திலேயே நிறுத்தி வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் விருந்தாளியைத் தொடர விடுவார். இந்த நடுவர் வேலையைச் செய்யும் நிரலைத்தான் ஹைப்பர்வைசர் என்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெரும் கணினிகளில் இதைச் செய்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. ஒரு செயலி இதற்குப் பொருத்தமாக இருக்க என்ன நிபந்தனை என்பதை 1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்ற இரு அறிஞர்கள் வரையறுத்தார்கள். கணினியின் நிலையைத் தொடுகிற ஒவ்வொரு கட்டளையும், அனுமதியில்லாதவர் கொடுத்தால் பிடிபட வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் மேசைகளில் இருக்கும் இன்டெல் வகைச் செயலிகள் அந்த நிபந்தனையில் தவறின. அவற்றில் இப்படிப் பிடிபடாமல் நழுவும் கட்டளைகள் 17 இருப்பதாக 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. அனுமதியில்லாத நிரல் ஒன்று, "குறுக்கீடுகளை நிறுத்து" என்ற குறியை மாற்றப் பார்த்தால், செயலி மறுப்பும் சொல்லாது, செய்யவும் செய்யாது. பேசாமல் விட்டுவிடும். விருந்தாளி வேலை நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்குச் செய்தியே போகாது. 1999இல் விஎம்வெயார் நிறுவனம், விருந்தாளியின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இந்தக் குறையைத் தாண்டியது. 2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கென்று தனி நிலை ஒன்றை அமைத்தன. இன்டெலின் அமைப்புக்குத்தான் விடி-எக்ஸ் என்று பெயர். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதை நம்பியே எழுதப்படுகின்றன. வேர்ச்சுவல்பொக்ஸும் 2019இல் வந்த 6.1 பதிப்போடு பழைய வழியைக் கைவிட்டுவிட்டது.

ஊராத்துறைக் கல்வெட்டு

இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்துறை. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒழுங்கு. கப்பல் வருவதற்கு முன்பே சட்டம் கல்லில் இருக்கிறது. எங்கே வந்து நிற்க வேண்டும், விபத்து நேர்ந்தால் எது யாருக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு. கப்பல் உடைந்த பிறகு கல் வெட்டத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். விருந்தாளி முறைமை வந்து இறங்குவதற்கு முன்னால் செயலியில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளும் அப்படித்தான். அவை கணினி கண்விழிக்கும் அந்தச் சில நொடிகளில் நடக்கின்றன.

குழந்தையாகப் பிறக்கும் செயலி

மின்சாரம் வந்ததும் இன்டெல் வகைச் செயலி தன் முழு வல்லமையோடு எழுவதில்லை. 1978இல் வந்த 8086 செயலியின் 16 பிட் நிலையில்தான் பிறக்கிறது. 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரியிலிருந்து முதல் கட்டளையை எடுக்கிறது. அங்கே இருப்பது தாய்ப்பலகையின் நிலைபொருள். பயோஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றப்படுகிறது. 32 பிட் பாதுகாப்பு நிலை வரும். பின்னர் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிக்கும் ஏற்பாடு வரும். கடைசியில் 64 பிட் நிலை. பல வருடச் சரித்திரத்தை ஒவ்வொரு நாள் காலையிலும் அது நடந்து முடிக்கிறது.

இன்னொன்று. இப்போதைய செயலியில் நாலு, எட்டு என்று கோர்கள் இருக்கின்றன அல்லவா? அவை எல்லாம் சேர்ந்து எழுவதில்லை. ஒன்று மட்டும் முதலில் எழுந்து வேலையைத் தொடங்கும். மற்றவை காத்துக் கிடக்கும். முறைமை தயாரானதும் முதலாவது கோர் ஒவ்வொன்றுக்கும் எழுப்பும் சமிக்ஞை அனுப்பும். எழுந்த ஒவ்வொன்றும் அதே 16 பிட் குழந்தை நிலையில் தொடங்கி அதே படிகளைத் தானும் ஏற வேண்டும். ஒரு கோருக்குச் செய்த ஏற்பாடு மற்றதற்குச் செல்லாது. ஒரு கோர் மட்டும் தயாராகாமல் விடுபட்டாலும், விருந்தாளி அந்தக் கோருக்கு மாற்றப்படும் கணத்தில் எல்லாம் குழம்பிப் போகும்.

பூட்டும் சாவியும்

என் கணினி மறித்த இடத்துக்கு இப்போது வருகிறோம். செயலிக்குள் பதிவகம் என்ற சின்னச் சின்ன நினைவுக் கூடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 58ஆம் எண் கொண்ட கட்டுப்பாட்டுப் பதிவகம். அதில் இரண்டு பிட் நமக்கு முக்கியம். பிட் 2, மெய்நிகராக்கத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லும். பிட் 0 பூட்டு. பூட்டு விழுந்துவிட்டால் அந்தப் பதிவகத்தில் யாரும் எதையும் மாற்ற முடியாது. முறைமையாலும் முடியாது. எழுத முயன்றால் செயலி பிழை காட்டும். கணினி மறுபடி முதலிலிருந்து எழும்போதுதான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

பூட்டாமல் விட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியும் இல்லை. பூட்டப்படாத அனுமதி செல்லாது. பூட்டு விழாத நிலையில் மெய்நிகராக்கத்தைத் தொடங்கச் சொன்னாலும் செயலி மறுத்துவிடும். அனுமதியும் வேண்டும், அது உறுதியாக்கப்பட்டும் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பத்திரத்துக்கு முத்திரையும் விழ வேண்டியது போல.

இவ்வளவு கெடுபிடி ஏன்? விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்று தெரியாது என்றோமே, ஆபத்தே அங்குதான். தீய நிரல் ஒன்று முந்திக்கொண்டு வீட்டுக்காரராக உட்கார்ந்துவிட்டால், நம் முறைமை முழுவதும் அதற்கு விருந்தாளியாகிவிடும். வைரஸ் தேடும் மென்பொருளுக்கும் அது தெரியாமல் போகலாம். 2006இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை இப்படி நழுவவிடாமல் விருந்தாளியாக்கிக் காட்டினார். நீலக் குளிசை என்று அதற்குப் பெயர் வைத்தார். ஏஎம்டியின் அமைப்பில் அவர் செய்து காட்டினாலும், வீட்டுக்காரர் இடத்தைக் காவலில்லாமல் விடக்கூடாது என்ற பாடம் எல்லாச் செயலிக்கும் பொருந்தும்.

இந்தப் பூட்டை வழக்கமாகப் போடுவது பயோஸ். சில கணினிகளில் அனுமதி இல்லை என்று எழுதியே பூட்டி விற்கிறார்கள். என்னுடையதும் அந்த வகை. சிலவற்றில் பயோஸ் இதைத் தொடாமலே விட்டுவிடும். அப்படியான இடத்தில் முறைமைதான் பார்க்க வேண்டும். லினக்ஸ் 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு கோரையும் எழுப்பும்போதே இந்தப் பதிவகத்தைப் பார்க்கிறது. பூட்டு விழாமல் இருந்தால், தேவையான அனுமதியை எழுதித் தானே பூட்டிவிடுகிறது.

அனுமதி கிடைத்த பிறகு

அனுமதி இருந்தாலும் வேலை முடியவில்லை. முறைமை முதலில் செயலியிடம் இந்த வசதி உண்டா என்று கேட்கும். உண்டென்றால், சிஆர்4 என்ற பதிவகத்தின் 13ஆம் பிட்டை 1 ஆக்கும். பிறகு 4 கிலோபைட் அளவில் ஒரு நினைவகப் பக்கத்தை ஒதுக்கி, அதன் தலைப்பில் செயலி கேட்கும் பதிப்பெண்ணை எழுதி, அந்த முகவரியைக் கொடுத்து, விஎம்எக்ஸ் நிலைக்குள் நுழையச் சொல்லும். பதிப்பெண் பிழைத்தால் செயலி உள்ளே விடாது. இத்தனையும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியே நடக்கும். ஏஎம்டி செயலியில் பெயர்களும் பிட் எண்களும் வேறு. சாரம் ஒன்றுதான்.

அடுத்து ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஓர் ஒப்பந்தப் பக்கம் எழுதப்படும். கல்வெட்டோடு ஒப்பிடத் தக்கது இதுவே. அதில் மூன்று பகுதி முக்கியம். விருந்தாளி எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பது ஒன்று. அவரிடமிருந்து அதிகாரம் திரும்பும்போது வீட்டுக்காரர் எந்த நிலையில் எழ வேண்டும் என்பது இரண்டாவது. எந்தெந்தச் செயலைச் செய்தால் விருந்தாளி தடுக்கப்பட வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் பொருந்தாத மதிப்பு ஒன்று கிடந்தாலும் செயலி விருந்தாளியைத் தொடங்காமல் பிழை எண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும்.

முடிக்கும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. விஎம்எக்ஸ் நிலையில் இருக்கும் கோருக்கு, மறுபடி தொடக்க நிலைக்குப் போகச் சொல்லும் இனிட் என்ற சமிக்ஞை கேட்காது. ஆகவே கணினியை மீளத் தொடங்கும்போது முறைமை எல்லாக் கோர்களையும் அந்த நிலையிலிருந்து முறையாக வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீளத் தொடங்கும் வேலை இடையில் சிக்கிக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் போனில்

நம் தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆம் வகைச் செயலி. அங்கே அதிகாரம் 0 முதல் 3 வரை நாலு படி. சாதாரண மென்பொருள் 0இல், முறைமை 1இல், ஹைப்பர்வைசர் 2இல், பாதுகாப்பு நிலைபொருள் 3இல். தொடக்கம் மேல்படியில். இறங்குவது சுலபம். ஆனால் இறங்கியவர் தானாக மேலே ஏற முடியாது. மேலே ஏற்கனவே ஒரு கதவும் காவலும் வைக்கப்பட்டிருந்தால்தான் அதைத் தட்டி ஏறலாம்.

ஹஜ்ஜோ உம்ராவோ நாடிப் போகிறவர் மீக்காத் எல்லையை இஹ்ராம் இல்லாமல் கடந்துவிட்டால் என்ன சட்டம் என்பது நமக்குத் தெரியும். திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்க வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும். மார்க்க விஷயத்தையும் இயந்திரத்தையும் சமமாக்க இதைச் சொல்லவில்லை. எல்லையைக் கடக்கும் முன் செய்ய வேண்டியதை முன்னேயே செய்ய வேண்டும் என்ற கருத்துக்காகச் சொல்கிறேன். லினக்ஸ் இதைக் கவனமாகச் செய்கிறது. எழுந்தவுடன் தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறது. 2இல் என்றால், 1க்கு இறங்கும் முன் ஒரு சிறிய நிரல் துண்டை அங்கே வைத்துவிட்டு இறங்குகிறது. பின்னர் ஹைப்பர்வைசர் தேவைப்பட்டால் அந்தத் துண்டைக் கூப்பிட்டு மேலே போகலாம். நிலைபொருள் ஆரம்பத்திலேயே 1இல் இறக்கிவிட்டால் லினக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. சில கருவிகளில் மெய்நிகராக்கம் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

உரிமக் கட்டணம் இல்லாத ரிஸ்க்-வி என்ற செயலிக் கட்டமைப்பிலும் இதே கதைதான். சென்னை ஐஐடியின் சக்தி செயலி அதைத் தழுவியே வடிவமைக்கப்பட்டு, 2018இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அந்தக் கட்டமைப்பில் எல்லாம் எம் என்ற உச்ச நிலையில் தொடங்கும். எந்தெந்தக் குறுக்கீட்டைக் கீழ்நிலை தானே பார்க்கலாம் என்று அங்கிருக்கும் நிரல் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஹைப்பர்வைசருக்கான சேர்க்கை அதில் 2021இல்தான் உறுதிப்படுத்தப்பட்டது.

சீடி திறந்தது

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கணினியை அணைத்து, போடும்போது எஃப்10 விசையை அழுத்திப் பிடித்து, பயோஸுக்குள் போய், மெய்நிகராக்கத் தொழில்நுட்பம் என்ற வரியில் முடக்கம் என்றிருந்ததை இயக்கம் என்று மாற்றிச் சேமித்தேன். விசை கணினிக்குக் கணினி வேறுபடும். சிலவற்றில் எஃப்2, சிலவற்றில் டெல். மாற்றிய பிறகு கணினியை முற்றாக அணைத்துப் போடுவது நல்லது. பூட்டு முதலிலிருந்து எழும்போதுதான் திறக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? விண்டோஸ் 10, 11 உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் சொந்த ஹைப்பர்வைசர் ஏற்கனவே வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்தால் வேர்ச்சுவல்பொக்ஸ் மந்தமாக ஓடும், அல்லது ஓடாது.

எக்ஸ்பி எழுந்தது. மென்பொருளும் திறந்தது. ஹாஜியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டியலில் நான் எதிர்பாராத ஒரு நிரல் இருந்தது: கிணறு. ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல தண்ணியா, உவரா என்று குறித்திருந்தார். தீவில் இருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். திரையில் ஒரு பெயரைத் தொட்டு, "இவங்கட கிணத்திலதான் மாஸ்டர் முழு ஒழுங்கையும் தண்ணி அள்ளினது" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றி, சாதாரண உரைக் கோப்பாகவும் தாளில் அச்சாகவும் எடுத்துவிட்டோம். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிக் காத்துவருகிறது. அச்சில் வந்தவற்றுக்கு அப்படியொரு வாசல் இருக்கிறது. ஆனால் 1990க்குப் பிறகு முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் தட்டச்சு செய்யப்பட்டு, பழைய மென்பொருளுக்குள் மாட்டிக்கொண்ட பள்ளிவாசல் பதிவுகள், ஜனாஸாக் குறிப்புகள், நிக்காஹ் விவரங்கள் அச்சுக்கு வராதவை. சீடியும் பழைய வட்டும் காலம் போகப் போகக் கெட்டுவிடும். அவற்றைத் திறக்கும் வழி இன்றைய கணினிக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஏதும் கிடந்தால், ஊர் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். செய்தி ஏதும் வந்து மறித்தால், முதலில் பயோஸைப் பாருங்கள்.